முன்னால் இழுப்பதா, பின்னால் தள்ளுவதா?

தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரே பேச்சுதான். ரயிலில் டிக்கெட் உறுதியாகிவிட்டதா, இல்லை காரிலேயே கிளம்பிவிடப் போகிறீர்களா? புனேயிலிருந்து கோலாப்பூர், பெல்காம், ஹுப்ளி, சித்ரதுர்கா, பெங்களூரு என்று இறங்கி ஓசூர் வழியாக ஊருக்குள் நுழைகிற கூட்டம் வருடா வருடம் கூடிக்கொண்டே போகிறது. பிம்ப்ரி சின்ச்வட் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் குப்பை கொட்டுகிறவன் நான் என்பதால், கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் வந்து கேட்பார். "சார், நம்ம வண்டி ஃப்ரண்ட் வீல் டிரைவ்தானே? மழையில சறுக்காதுல்ல?"

இதற்கு ஒரு வரியில் பதில் உண்டு. எல்லா வண்டியும் சறுக்கும், எந்த முனை முதலில் சறுக்கும் என்பதில்தான் வித்தியாசம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இதில் வரலாறு இருக்கிறது, கொஞ்சம் கணக்கு இருக்கிறது, கடைசியில் உங்கள் வீட்டுக்காரர்கள் பத்திரமாக ஊர் போய்ச் சேர இரண்டு மூன்று உருப்படியான விஷயங்களும் இருக்கின்றன.

மாட்டு வண்டி முறையும் அதன் சிக்கலும்

மாடு முன்னால் நின்று இழுக்கிறது, வண்டி பின்னால் வருகிறது. அப்படியானால் கார் கண்டுபிடித்தவர்களும் முன்சக்கரத்தைத்தானே சுழற்றியிருக்க வேண்டும்? முதல் ஆள் அப்படித்தான் செய்தார். பிரான்சில் குஞோ என்ற ராணுவப் பொறியாளர் 1769-ல் பீரங்கி இழுக்க நீராவியில் ஓடும் மூன்று சக்கர வண்டி ஒன்றைக் கட்டினார். முன்னால் இருந்த ஒற்றைச் சக்கரம்தான் வண்டியை இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். அதன் தலைமேலேயே பெரிய கொப்பரை. திருப்புவதற்குள் ஓட்டுநர் பாடு திண்டாட்டம்.

1886-ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய வண்டியில் எஞ்சின் பின்னால், சங்கிலி போட்டுச் சுழற்றியது பின்சக்கரங்களை. 1891 வாக்கில் பிரான்சின் பன்ஹார் லெவசோர் நிறுவனம் எஞ்சினை முன்னால் கொண்டுவந்து, கிளட்ச், கியர் பெட்டி எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, பின்சக்கரத்தைச் சுழற்றியது. அடுத்த அறுபது எழுபது வருடம் உலகத்தில் ஓடிய பெரும்பாலான கார்களுக்கு இதுதான் வாய்ப்பாடு. நம் அம்பாசடர் வரை.

ஏன் எல்லோரும் பின்சக்கரத்தையே பிடித்துக்கொண்டார்கள்? காரணம் ஒரு மூட்டு. சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு நேராக இருந்தால் பிரச்சினை இல்லை. முன்சக்கரமோ திரும்புகிற சக்கரம். தண்டு மடங்கியபடியே சுழல வேண்டும். அன்றைக்குக் கையில் இருந்தது 'யூனிவர்சல் ஜாயிண்ட்'தான் (மெக்கானிக்குகள் 'கிராஸ்' மாற்றணும் என்பார்களே, அதேதான்). இதில் ஒரு குணக்கேடு உண்டு. மடங்கிய நிலையில் இதன் ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகமாகவும் இரண்டு முறை மெதுவாகவும் சுழலும். மடக்கு கூடக் கூட இந்த உதறலும் கூடும். முன்சக்கரத்தில் போட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டியரிங் கையை உதறும்.

1920களில்தான் இதற்கு விடிவு பிறந்தது. பிரான்சில் கிரெகுவார் கொண்டுவந்த 'டிராக்டா' மூட்டு, அமெரிக்காவில் ஆல்ஃபிரட் செப்பாவின் குண்டுகள் வைத்த மூட்டு. இரண்டுமே எவ்வளவு மடங்கினாலும் ஒரே சீராகச் சுழலும். இன்று உங்கள் காரின் முன்சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் உறைக்குள் கிரீஸ் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் செப்பாவின் வாரிசுதான். அந்த ரப்பர் கிழிந்து மண் புகுந்தால், வண்டியை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும். கேட்டால் உடனே காட்டுங்கள்.

ஒரு கார் கவிழ்த்த கம்பெனி, ஒரு நெருக்கடி பெற்ற கார்

மூட்டு கிடைத்ததும் துணிந்து இறங்கியவர்கள் சிலர். 1929-ல் அமெரிக்காவின் கார்ட் எல்-29. 1931-ல் ஜெர்மனியின் டிகேடபிள்யூ எஃப்1. பெரிய சூதாட்டம் ஆடியவர் ஆந்த்ரே சிட்ரோயன். 1934-ல் அவர் விட்ட காருக்கு வழங்கிய பெயரே 'டிராக்ஷன் அவான்'. பிரெஞ்சில் 'முன்னிழுப்பு' என்று அர்த்தம். கார் அருமை. ஆனால் அதை உருவாக்கிய செலவில் கம்பெனி திவாலாகி, டயர் கம்பெனியான மிஷலின் கைக்குப் போனது. 1935-ல் சிட்ரோயன் காலமானார். அவருடைய காரோ 1957 வரை தயாரிப்பில் இருந்தது.

அடுத்த திருப்பம் எண்ணெயால் வந்தது. 1956 சூயஸ் நெருக்கடியில் இங்கிலாந்தில் பெட்ரோல் ரேஷனுக்குப் போனது. சிக்கனமான சின்ன கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளரிடம் பொறுப்பைக் கொடுத்தது. அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை எஞ்சினுக்கு அடியில் திணித்தார். முன்சக்கரத்தைச் சுழற்றினார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டும், அதற்காகக் காருக்கு நடுவில் எழும்பி நிற்கும் மேடும் போய்விட்டன. பத்தடி நீளக் காரில் நாலு பேர் வசதியாக உட்கார இடம் வந்தது. 1959 ஆகஸ்டில் வெளிவந்த அந்தக் கார்தான் மினி.

இதில் ஒரு வேடிக்கை. நம் அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் அதே கார்ப்பரேஷன் சரக்குதான். பழைய பின்சக்கர வார்ப்பு 1950களின் இறுதியில் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் அங்கே எதிர்காலம் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த எதிர்காலம் நமக்கு வந்து சேரக் கால் நூற்றாண்டு ஆனது.

மினியிலும் ஒரு குறை இருந்தது. எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய். இத்தாலியில் ஃபியட்டின் தாந்தே ஜாக்கோசா இதைச் சரி செய்தார். எஞ்சினையும் கியர் பெட்டியையும் பக்கம் பக்கமாகக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சமமில்லாத நீளத்தில் தண்டு கொடுத்தார். 1964-ல் ஆட்டோபியாங்கி பிரிமுலா, 1969-ல் ஃபியட் 128. 1974-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் இதே வழி. இன்று சாலையில் போகும் முன்சக்கரக் கார்களில் பெரும்பாலானவை ஜாக்கோசாவின் அடுக்குமுறைதான்.

நம் வீட்டு வாசலுக்கு வந்த கதை

1983 வரை இந்தியச் சாலைகளில் ஆண்டது மூன்று பேர். கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட் (பின்னால் பிரீமியர் பத்மினி), நம் சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மூன்றுமே முன்னால் எஞ்சின், பின்னால் இயக்கம். அம்பாசடரில் பின்னால் கனமான ஒற்றை அச்சும் பட்டைச் சுருளும். நசுங்கினால் கொல்லன் பட்டறையிலேயே தட்டி நிமிர்த்தலாம். நம் சாலைக்கு அது வரப்பிரசாதம்.

ஹெரால்டு மட்டும் கொஞ்சம் வித்தியாசம். பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அச்சு. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பின்புறம் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெசலில் பழையபடி ஒற்றை அச்சுக்கே திரும்பிவிட்டார்கள்.

1983 டிசம்பர் 14. டில்லியில் பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-ன் சாவியைக் கொடுத்தார். மூன்று சிலிண்டர், 796 சி.சி., எஞ்சின் குறுக்கே, முன்சக்கர இயக்கம். இந்தியாவில் பெருமளவில் தயாரான முதல் முன்சக்கரக் கார் இதுதான். அடுத்த வருடமே வந்த ஆம்னி வேன் பின்சக்கர இயக்கம், எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். ஒரே கம்பெனி, ஒரே எஞ்சின், இரண்டு நேரெதிர் வழிகள்!

1998-ல் சான்ட்ரோ, மாட்டிஸ், எங்கள் புனேயின் இண்டிகா என்று முன்சக்கரக் கார்கள் வரிசையாக வந்து இறங்கின. பழையவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றார்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றது. ஆனால் பின்சக்கரம் சாகவில்லை. சுமோ, குவாலிஸ், பொலேரோ, ஸ்கார்பியோ, இன்னோவா என்று கூட்டமாய் ஏறுகிற வண்டிகளில் உயிரோடு இருந்தது. 2022-ல் வந்த இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர இயக்கம், பழைய கிரிஸ்டா பின்சக்கரம். வாடகைக்கு 'இன்னோவா' எடுத்தால் எது வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, குணம் வேறு.

பிடிமானக் கணக்கு

டயர் ரோட்டைப் பிடிக்கும் பலம் இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. அதன் மேல் எவ்வளவு எடை உட்கார்ந்திருக்கிறது, தரை எவ்வளவு சொரசொரப்பு. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம் (புரிவதற்காக மட்டும், எண்கள் தோராயம்தான்).

1000 கிலோ கார். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்கள் மேல் 600, பின்சக்கரங்கள் மேல் 400. ஓட்டுநர் மட்டும் ஏறுகிறார், 70 கிலோ. ஆளுக்குப் பாதி என்றால் முன்னால் 635, பின்னால் 435. சேறு படிந்த ஏற்றம், நூறு அடிக்குப் பத்தடி உயர்கிறது. ஏறுவதற்கு மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு, 107 கிலோ இழுவை வேண்டும். சேற்றில் டயருக்குக் கிடைப்பது எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். முன்சக்கரம் இழுத்தால் 127 கிலோ, ஏறிவிடும். பின்சக்கரம் தள்ளினால் 87 கிலோ, சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும்.

"பார்த்தீர்களா, முன்சக்கரம்தான் உசத்தி" என்று கிளம்பிவிடாதீர்கள். அதே காரில் இப்போது குடும்பம் ஏறுகிறது. அப்பா, அம்மா, மாமியார், பிள்ளைகள். டிக்கியில் பெட்டிகள், ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை, தேங்காய், ஊறுகாய் ஜாடி. மொத்தம் 1400 கிலோ ஆகிறது. கூடிய எடையில் பெரும்பகுதி பின்பக்கம்தான். முன்னால் 680, பின்னால் 720 என்று கொள்வோம். அதே ஏற்றத்துக்கு இப்போது 140 கிலோ வேண்டும். முன்சக்கரம் தருவது 136. சுற்றும். பின்சக்கரம் தருவது 144. ஏறிவிடும்!

அந்தக் காலத்தில் சேற்றில் மாட்டிய அம்பாசடரின் டிக்கி மேல் நாலு பேரை ஏற்றி உட்கார வைப்பார்களே, அதன் சூட்சுமம் இதுதான். நம் காரின் டிக்கி மேல் ஏறினால் முன்பக்கம் இன்னும் லேசாகும், அவ்வளவுதான் :-)

வளைவில் என்ன நடக்கிறது?

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி. மொத்தம் இவ்வளவுதான். இழுப்பதற்குக் கொஞ்சம், திரும்புவதற்குக் கொஞ்சம், பிரேக்குக்குக் கொஞ்சம் என்று பங்கு போட வேண்டும். ஒன்றுக்கு வாரிக் கொடுத்தால் இன்னொன்றுக்குத் துண்டு விழும்.

முன்சக்கரக் காரில் இழுப்பதும் திரும்புவதும் ஒரே ஜோடி டயர். ஈரமான வளைவில் வேகம் கொடுத்தால் திரும்புவதற்கு மிச்சம் இருக்காது. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் கார் நேராக வெளியே போகும். இதற்கு மருந்து ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுவதுதான். பதற்றத்தில் காலை எடுப்பது எல்லோருக்கும் இயல்பு, அதனால் சாதாரண ஓட்டுநருக்கு இந்தச் சறுக்கல் கொஞ்சம் இரக்கமுள்ளது. ஸ்டியரிங்கை மேலும் மேலும் ஒடிப்பதால் பயன் இல்லை. டயர் பிடித்தவுடன் கார் திடீரென்று ஒடித்த பக்கம் பாயும்.

பின்சக்கரக் காரில் வேலை பங்கு போடப்பட்டிருக்கிறது. முன்னால் இருப்பவை திருப்பும், பின்னால் இருப்பவை தள்ளும். ஸ்டியரிங் சுத்தமாக இருக்கும். ஆனால் அளவு மீறினால் பின்பக்கம் வெளியே வீசும், கார் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளப் பார்க்கும். பின்பக்கம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, காலை நிதானமாகத் தளர்த்த வேண்டும். பிரேக்கில் ஏறி நின்றால் கதை முடிந்தது. இது பழகின கைக்குத்தான் வரும்.

என் சித்தப்பா சேலம் பக்கம் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். "வளைவுல வண்டியக் கெஞ்சணும்டா, மிரட்டக் கூடாது" என்பார். மழையில் இறங்கும்போது கியரைச் சட்டென்று குறைக்காதே என்பது அவருடைய இன்னொரு பாடம். குறைத்தால் எஞ்சினின் இழுப்பு முழுக்கப் பின்சக்கரத்தில் விழுந்து பின்பக்கம் வழுக்கும். வளைவுக்கு முன்பே, நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, கியரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அம்பாசடருக்குச் சொன்னது, எல்லா வண்டிக்கும் பொருந்தும்.

டயர் கடையில் ஒரு வாதம்

இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான். முன்சக்கரக் காரில் முன் டயர் சீக்கிரம் தேயும். கையில் காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது. கடைக்காரர் "முன்னாடிதான் சார் இழுக்குது, புதுசு முன்னாடி போட்டுடலாம்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒத்துக்கொள்ளாதீர்கள். புது டயர் இரண்டும் பின்னால் போகட்டும். பின்னால் இருக்கும் ஓரளவு நல்ல டயர்கள் முன்னால் வரட்டும்.

காரணம் இதுதான். தேய்ந்த டயர் பின்னால் இருந்தால், ஈரத்தில் முதலில் பிடி விடுவது பின்பக்கம். முன்சக்கரக் காராக இருந்தும் பின்பக்கம் வீசிச் சுற்றும். அதுவும் வளைவில் பயந்துபோய்க் காலைச் சட்டென்று எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகும். முன் டயர் நழுவினால் ஸ்டியரிங் வழியே கைக்கே தகவல் வரும். பின் டயர் நழுவுவது தெரியும்போது கார் ஏற்கெனவே திரும்பியிருக்கும். டயர் கம்பெனிகளும் இதையேதான் சொல்கின்றன, எந்தச் சக்கர இயக்கமாக இருந்தாலும் சரி. நாலுமே மொட்டை என்றால் இந்த யோசனை எதுவும் வேண்டாம், கடன் வாங்கியாவது நாலையும் மாற்றுங்கள்.

அப்புறம் பிரேக். பிரேக் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் அவசரத்தில் எத்தனை அடியில் நிற்கும் என்பதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஆக, "நம்ம வண்டி முன்சக்கரம்" என்ற தைரியத்தில் முன்னால் போகும் லாரியின் வாலைப் பிடிக்க வேண்டாம். நாம் தீபாவளிக்குக் கிளம்பும்போது மகாராஷ்டிராவில் மழை முடிந்திருக்கும். ஊரில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை பிடித்திருக்கும். காய்ந்த சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிப் பழகிய கால், தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கத்தில் முதல் ஈரத்தைச் சந்திக்கும். அங்கே அடிக்கடி விபத்து என்பது ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததே.

மறுபடியும் பின்சக்கரம்

முன்சக்கரம் ஜெயித்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் மின்சாரக் கார் வந்து ஆட்டத்தைக் கலைத்துவிட்டது. மோட்டார் சின்னது, பின் அச்சிலேயே உட்கார்ந்துவிடும். நீளத் தண்டும் வேண்டாம், நடு மேடும் வேண்டாம். பேட்டரி தரையில் பரவியிருப்பதால் எடையும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அழுத்தியவுடன் பாயும் வண்டியில் எடை பின்னால்தான் சாயும், அங்கேயே இயக்கமும் இருப்பது லாபம். 2023-ல் வந்த எம்ஜி காமெட், 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமாகி எங்கள் சாக்கனில் தயாராகும் மஹிந்திராவின் பி.ஈ. 6, எக்ஸ்.ஈ.வி. 9ஈ எல்லாம் பின்சக்கர இயக்கம். டாடா நெக்ஸான் மின்சார வண்டி முன்சக்கரம்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. காலை எடுத்தவுடன் மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி பேட்டரிக்கு மின்சாரம் சேர்க்குமே, பின்சக்கர மின்சாரக் காரில் அந்தப் பிடிப்பு விழுவது பின் டயர்களில். சித்தப்பாவின் 'கியரைச் சட்டென்று குறைக்காதே' இங்கே வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. சறுக்கலைத் தடுக்கும் மின்னணு ஏற்பாடுகள் இந்தக் கார்களில் உண்டு, பெரும்பாலும் காப்பாற்றிவிடும். இருந்தாலும் கொட்டும் மழையில் அந்தப் பிடிப்பின் அளவைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது. டயருக்கு இல்லாத பிடியை எந்தக் கம்ப்யூட்டராலும் உண்டாக்க முடியாது.

கிளம்பும் முன் டயர் ஆழத்தையும் காற்றையும் பாருங்கள். ஆளும் மூட்டையும் நிறைய ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருப்பார்கள், அதன்படி வையுங்கள். உங்கள் வண்டி எந்தச் சக்கரம் என்பதை, மாற்றி ஓட்டப்போகும் மச்சானுக்கும் தங்கைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கொசுறு: 2009-ல் ரோட்டுக்கு வந்த டாடா நானோவில் எஞ்சினும் பின்னால், இயக்கமும் பின்னால். அதனால் முன் டயரை 135 மில்லிமீட்டர் அகலத்திலும் பின் டயரை 155 மில்லிமீட்டர் அகலத்திலும் வைத்தார்கள். பின்பக்கம் முதலில் வீசிவிடக் கூடாது என்ற ஜாக்கிரதைதான். டயர் கடைக்காரர் அடுத்த முறை வாதாடினால் இதைச் சொல்லிப் பாருங்கள் :-)